பேய் வீட்டை எதைக்கொண்டு அளப்பது?

2001 செப்டம்பர் 14 அன்று நின்டெண்டோ நிறுவனம் தன் புதிய விளையாட்டுக் கருவியான கேம்கியூபை ஜப்பானியக் கடைகளுக்கு அனுப்பியது. அதோடு வந்த ஆட்டங்களில் எல்லோர் கண்ணும் பட்டது 'லூயிஜிஸ் மேன்ஷன்' மீது. அதற்கு முன்பு அந்த நிறுவனத்தின் பெரிய கருவிகள் வந்தபோது மீசைக்காரன் மாரியோதான் முன்னால் நின்றான்: 1990இல் 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்', 1996இல் 'சூப்பர் மாரியோ 64'. இந்த முறை மாரியோ காணாமல் போயிருந்தான். அவனைத் தேடி வந்தவன் தம்பி லூயிஜி. பயந்த சுபாவம். கையில் டார்ச் லைட், முதுகில் ஒரு வாக்குவம் கிளீனர். பேய்கள் குடியிருக்கும் பெரிய வீடொன்றில் அறை அறையாக நுழைந்து, அவற்றை வெளிச்சத்தால் திகைக்க வைத்து, உறிஞ்சிப் பிடிப்பதுதான் ஆட்டம்.

விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆனால் மனம் நிறையவில்லை. மதிப்புரைகளைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக்கில் அது பெற்றது 100க்கு 78. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு பேர் போட்ட மதிப்பெண்ணின் கூட்டுத்தொகை 40க்கு 34. வெளிச்சமும் நிழலும் அழகு, இசை அழகு, லூயிஜியின் நடுக்கம் அழகு என்று எழுதியவர்களே அடுத்த பத்தியில் குறையையும் எழுதினார்கள். ஆறேழு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதுதான் பெரிய புகார். கட்டுப்பாடு குழப்பமாக இருக்கிறது, ஒரு குச்சியால் நடந்துகொண்டே இன்னொரு குச்சியால் உறிஞ்சும் குழாயைத் திருப்புவது கைக்கு வரவில்லை என்பது அடுத்தது. பழைய மாரியோ ஆட்டங்களின் வீச்சு இதில் இல்லை என்பது மூன்றாவது.

இந்தப் புகார்களைச் செட்டிநாட்டிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அறை அறையாக உள்ளே போகும் வீடு என்றால் என்ன என்பது காரைக்குடிப் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு என்றால் என்ன என்பதும் அவர்களுக்குத் தெரியும். அங்கே நின்று பார்க்கும்போது, 2001இல் விமர்சகர்கள் தவறான கோலை எடுத்து அளந்தார்கள் என்று தெரிகிறது. அவர்கள் அளந்தது நேரத்தை. அளந்திருக்க வேண்டியது வீட்டை. தமிழ்ப் பேய்ச் சிரிப்புப் படங்களைப் பற்றி எழுதும் நம் விமர்சகர்களிடமும் இதே பிழை இன்றுவரை இருக்கிறது. அதையும் சேர்த்தே இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வீட்டுக்குள் போய் வருவோம். லூயிஜி கலந்துகொள்ளாத ஒரு போட்டியில் அவனுக்கு ஒரு மாளிகை பரிசாக விழுகிறது. அது கிங் பூ என்ற பேயரசன் வைத்த பொறி. ஈ. காட் என்ற கிழட்டு விஞ்ஞானி லூயிஜிக்குக் கருவிகளைத் தருகிறார். மாளிகை நான்கு பகுதிகளாகத் திறக்கிறது. ஒரு அறையின் பேய்களைப் பிடித்து முடித்ததும் விளக்கு எரியும், பெட்டி தோன்றும், பெட்டிக்குள் சாவி இருக்கும். எந்தக் கதவு அந்தச் சாவிக்குத் திறக்கும் என்று வரைபடம் காட்டும். இருட்டு அறையில் லூயிஜி பின்னணி இசையைப் பயத்தோடு முணுமுணுத்துக்கொண்டே நடப்பான். விளக்கு எரிந்த அறையில் அதே மெட்டு நிம்மதியாக வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் "மாரியோ!" என்று அண்ணனைக் கூப்பிடுவான். நிலைமைக்கேற்ப அந்தக் குரலின் நடுக்கம் மாறும். ஆட்டத்தில் வேறெந்தப் பயனும் இல்லாத பொத்தான் அது. ஆனாலும் விளையாடுபவர்கள் அதை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானவை ஓவியப் பேய்கள். ஈ. காடின் கூடத்தில் சட்டத்துக்குள் மாட்டியிருந்த பேய்கள் தப்பி வந்து இந்த மாளிகையில் குடியேறியிருக்கின்றன. முதலில் நாம் பார்ப்பது ஒரு குடும்பம்: படிப்பறையில் நாற்காலியில் ஆடியபடி புத்தகம் வாசிக்கும் தந்தை நெவில், படுக்கையறையில் கண்ணாடி முன் தலை வாரும் தாய் லிடியா, தொட்டிலில் குழந்தை சான்சி. இவர்களை நேராகத் தாக்க முடியாது. நெவில் கொட்டாவி விடும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். லிடியாவின் அறையில் திரைச்சீலையை இழுத்துக் காற்றை உள்ளே விட வேண்டும், அப்போதுதான் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஒவ்வொரு பேய்க்கும் ஒரு பழக்கம், ஒரு அறை, அந்த அறையில் ஒரு பொருள். பொருளைத் தொட்டால் பழக்கம் கலையும். பழக்கம் கலைந்தால் பேய் அகப்படும். வேட்டைக்குத் தேவை வேகம் இல்லை, கவனிப்பு.

இந்த ஆட்டம் உருவான வரிசையும் இதைத்தான் சொல்கிறது. ஹிடேக்கி கொன்னோ இயக்க, ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் தயாரித்த இந்த ஆட்டத்தில் முதலில் இருந்தது ஒரு பெரிய வீட்டுக்குள் நடக்கும் விளையாட்டு என்ற எண்ணம் மட்டுமே. லூயிஜி அதற்குப் பிறகுதான் வந்தான். பேய்களும் வாக்குவம் கிளீனரும் அவனுக்கும் பிறகு. அதாவது, பேய்க்காக வீடு கட்டவில்லை. வீட்டைக் கட்டிவிட்டு, அதைச் சுற்றிப் பார்க்க ஒரு காரணம் தேடியபோது பேய் கிடைத்திருக்கிறது. விமர்சகர் பலர் ஆட்டத்தை 1996இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' என்ற பயங்கர ஆட்டத்தின் செல்லமான கேலி என்று பார்த்தார்கள். பூட்டிய மாளிகை, சாவி, மெதுவாகத் திறக்கும் கதவு என்று ஒற்றுமை உண்டுதான். ஆனால் 'ரெசிடென்ட் ஈவில்' மாளிகையில் நாம் உயிர் தப்ப ஓடுகிறோம். லூயிஜியின் மாளிகையில் வீட்டுக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கிறோம். இரண்டும் ஒரே வகை இல்லை.

இப்போது கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ வந்து ஒரு வீட்டின் முன் நிற்போம். தெருவிலிருந்து படியேறினால் திண்ணையும் முகப்பும். பர்மாத் தேக்கில் இழைத்த நிலைக்கதவைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதைத் தாண்டினால் இரண்டாம் கட்டு, பந்தி நடக்கும் இடம். அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும் உள்ள கட்டு. கடைசிக் கதவைத் திறந்தால் பின் தெரு. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. எல்லாக் கதவும் திறந்திருந்தால் முகப்பில் நிற்பவர் கண்ணுக்குப் பின்வாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். வெளியாள் எதுவரை வரலாம், உறவினர் எதுவரை வரலாம், பெண்கள் எங்கே புழங்குவார்கள் என்பதை ஒவ்வொரு நிலைப்படியும் சொல்லிக்கொண்டே போகும்.

வளவைச் சுற்றிய அறைகளில் திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் பங்கு உண்டு. செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் வழக்கில் அப்படி ஒரு மகனின் குடும்பம் ஒரு புள்ளி. தலைமுறைகள் பெருகப் பெருக ஒரே வீட்டில் பங்குள்ள புள்ளிகளும் பெருகின. இன்று ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வீடு பொது. ஆனால் அறைக்கு அறை பூட்டு வேறு, சாவி வேறு ஊரில். திருமணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கும் எல்லோரும் கூடும்போது சாவிகளும் கூடும், வீடு முழுவதும் திறக்கும். மற்ற நாட்களில் காவலுக்கு இருப்பவர் முகப்பையும் வளவையும் பெருக்கிவிட்டுப் போவார்.

ஒரு ஆட்டத்தை வடிவமைப்பவர் இந்த வீட்டின் வரைபடத்தைப் பார்த்தால் திடுக்கிடுவார். நின்டெண்டோவின் கலைஞர்கள் மூளையைக் கசக்கி அமைத்த எல்லாம், அதாவது பகுதி பகுதியாகத் திறக்கும் வரிசை, அறைக்கு அறை மாறும் உரிமையாளர், தனித்தனிச் சாவி, நடுவில் எல்லா வழியும் வந்து சேரும் முற்றம், இங்கே நூறாண்டுக்கு முன்பே கொத்தனாரும் ஆசாரியும் கட்டி வைத்திருக்கிறார்கள். லூயிஜி கண்ணாடியில் தன் முகம் பார்த்தால் மாளிகையின் முன்கூடத்துக்குத் திரும்பிவிடுவான். செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி இல்லாத கூடத்தைப் பார்ப்பது அரிது. ஆட்டத்தின் முடிவில் லூயிஜி சேர்த்த பணத்தின் அளவுக்கேற்ப அவனுக்கு ஒரு புது வீடு எழும். நிறையச் சேர்த்திருந்தால் மாளிகை, குறைவாகச் சேர்த்திருந்தால் வெறும் கூடாரம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழிலில் சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுவந்து வீடாக எழுப்பிய மனிதர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த முடிவு வேறு மாதிரி அர்த்தப்படும்.

அந்தப் பணம் எப்படி நின்றது என்பதும் தெரிந்த கதைதான். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டு அவர்கள் வெளியேறினார்கள். போருக்குப் பிறகு பர்மா விடுதலை அடைந்ததும் நிலங்கள் நாட்டுடைமையாயின. முட்டை வெள்ளைக்கரு கலந்து சுண்ணாம்பு பூசிய சுவர்களும் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையும் மிஞ்சின, அவற்றைப் பராமரிக்கும் வருமானம் மிஞ்சவில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கானாடுகாத்தான் அரண்மனையைப் போல நல்ல நிலையில் நிற்பவை உண்டு, ஓட்டல்களாக மறுவாழ்வு பெற்றவையும் உண்டு. ஆளில்லாமல் சரிந்தவையும் பல. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. அதே காலத்தில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குத் தூண்களும் கதவுகளும் வந்துகொண்டேதான் இருந்தன.

ஆள் இல்லாத பெரிய வீடு என்றால் பேய் இருக்கும் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. அந்தச் சினிமாவின் வேர்களில் ஒன்று இதே மண்ணில் இருக்கிறது. ஏ.வி. மெய்யப்பன் 1945இல் தொடங்கிய ஏவிஎம் நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளம் ஆரம்ப ஆண்டுகளில் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது. பிறகுதான் கோடம்பாக்கம். 1948இல் அவர் எடுத்த 'வேதாள உலகம்' பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்தது. பேயைக் கண்டு நடுங்குவதும் சிரிப்பதும் சாகசத்துக்குப் புறப்படுவதும் ஒரே மூச்சில் நடக்கும் என்பது தமிழ் மேடைக்கும் திரைக்கும் அப்போதே பழக்கம்.

இந்தக் காலத்து அலையின் தொடக்கம் 2005இல் பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி'. ஃபாசிலின் மலையாளப் படமான 'மணிச்சித்ரத்தாழ்' (1993) கன்னடம் வழியாகத் தமிழுக்கு வந்தது. வேட்டையபுரம் அரண்மனை, திறக்கக் கூடாத ஓர் அறை, அதைத் திறந்த பெண். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம். அன்றைய விமர்சனங்களின் பேச்செல்லாம் 'பாபா'வுக்குப் பிறகு ரஜினி மீண்டு வந்ததைப் பற்றியும் ஜோதிகாவின் நடிப்பைப் பற்றியும்தான். படத்தின் பயமும் சிரிப்பும் எங்கிருந்து பிறந்தன? அந்த அரண்மனையின் மாடிப்படியிலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும். இருட்டில் ரஜினியின் பின்னால் வடிவேலு ஒட்டிக்கொண்டு நடக்கும் காட்சிகளில் அடுத்த கதவுக்கு இன்னும் எத்தனை அடி என்பது பார்ப்பவருக்குத் தெரியும். தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது. லூயிஜியின் நடுக்கமும் வடிவேலுவின் நடுக்கமும் ஒரே கலை: தைரியசாலியை நடுவில் வைக்காமல் பயந்தவனை வைப்பது, அவன் உடம்பையே வீட்டின் இருட்டை அளக்கும் கருவியாக்குவது.

'முனி' (2007), 'காஞ்சனா' (2011) வழியாக ராகவா லாரன்ஸ் இன்னொரு பாதை போட்டார். அங்கே வீடு முக்கியமில்லை, உடம்புக்குள் புகும் ஆவிதான் முக்கியம். அநியாயமாகச் செத்தவர்கள் நியாயம் கேட்டு வருகிறார்கள். அந்தப் படங்களுக்கு வீட்டு அளவுகோல் பொருந்தாது, அவற்றை நம் கோயில் சாமியாட்டத்தோடு வைத்துப் பார்ப்பதே சரி. 2014இல் வீடு திரும்பி வந்தது. டீகேயின் 'யாமிருக்க பயமே' ஒரு பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக்கியது. சுந்தர்.சியின் 'அரண்மனை' தலைப்பிலேயே வீட்டை வைத்தது. அது 2016, 2021, 2024 என்று நான்கு பாகம் வரை வளர்ந்தது. 2016இல் ராம்பாலா சந்தானத்தை வைத்து எடுத்த 'தில்லுக்கு துட்டு'வில் பொய்ப் பேய்களை ஏற்பாடு செய்ய வரும் ராஜேந்திரன் உண்மைப் பேய் உள்ள பங்களாவில் மாட்டிக்கொள்கிறார். அதே வரிசையில் 2023இல் வந்த பிரேம் ஆனந்தின் 'டிடி ரிட்டர்ன்ஸ்' இன்னும் ஒரு படி போனது: பழைய புதுச்சேரிக் குடும்பமொன்றின் பேய்கள் உள்ளே வந்தவர்களை ஆட்டம் ஆட வைக்கின்றன, தோற்றால் உயிர் போகும். வீடியோ கேமின் இலக்கணம் தமிழ்ப் பேய்ப்படத்துக்குள் நேராக நுழைந்த இடம் இது.

இந்தப் படங்கள் வந்த வாரங்களில் எழுதப்பட்ட விமர்சனங்களுக்கு ஏறத்தாழ ஒரே அச்சு. லாஜிக் பார்க்கக் கூடாது, முதல் பாதி இழுவை, இரண்டாம் பாதி சிரிப்பு, பேயின் முன்கதை பழசு, குடும்பத்தோடு பார்க்கலாம். பங்களாவுக்குள் போன பிறகு படம் ஏன் உயிர் பெறுகிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என் பதில் இது: வெளியில் கதாபாத்திரங்கள் வசனத்தை நம்பி நிற்கிறார்கள், உள்ளே வந்ததும் கதவையும் அலமாரியையும் படியையும் நம்பி நடக்கிறார்கள். 'தில்லுக்கு துட்டு' வரிசை நன்றாக அமைந்த இடங்களில் யார் எந்த அறையில் இருக்கிறார், எது பொய்ப் பேய், எது மெய்ப் பேய் என்று பார்ப்பவர் மனத்தில் ஒரு வரைபடம் விழுந்திருக்கும். 'அரண்மனை'யின் பின்வந்த பாகங்களில் அந்த வரைபடம் இல்லை. மாளிகை பெரிதாகிக்கொண்டே போகிறது, கணினி வரைகலை கூடிக்கொண்டே போகிறது, ஆனால் சமையலறை எந்தப் பக்கம் என்று படம் முடிந்த பிறகும் சொல்ல முடியாது. அந்தப் படங்கள் அலுப்பூட்டியதற்கு 'அதே கதை' என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். கதை எல்லாவற்றிலும் அதேதான். வீடு இல்லாமல் போனதுதான் உண்மையான குறை.

வீடியோ கேம் விமர்சனம் இதைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ 20 ஆண்டு எடுத்துக்கொண்டது. 2013இல் கனடாவின் வான்கூவரில் உள்ள நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் தயாரித்த 'லூயிஜிஸ் மேன்ஷன்: டார்க் மூன்' வந்தது. ஐந்து மாளிகைகள், நீண்ட நேரம். பழைய புகாருக்கு நேரடிப் பதில். மெட்டாகிரிட்டிக்கில் சராசரி 86. ஆனால் இப்போது வேறொரு முணுமுணுப்பு கேட்டது: வேலை வேலையாக ஆட்டத்தைப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் விஞ்ஞானி ஈ. காட் லூயிஜியைத் தன் பதுங்கிடத்துக்கு இழுத்துக்கொள்கிறார், வீட்டில் தங்கி உலவ விடுவதில்லை. நேரம் கூடியதும் வீடு துண்டாகிவிட்டது. முதல் ஆட்டத்தில் நான்காம் பகுதியில் மின்னல் தாக்கி மாளிகை முழுவதும் இருண்டுபோகும், நாம் பாடுபட்டு விளக்கேற்றிய அறைகளிலெல்லாம் பேய்கள் மறுபடி நிற்கும். கீழ்த்தளத்து மின்பெட்டி வரை தட்டுத்தடுமாறிப் போக வேண்டும். அந்தப் பதற்றம் வேலை செய்யக் காரணம், அதற்குள் அந்த வீடு நமக்கு மனப்பாடம் ஆகியிருப்பதுதான். ஐந்து வீட்டைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் அந்த மனப்பாடம் கிடைக்காது. 2001இல் குட்டை என்று குறைசொன்ன வடிவத்தின் அருமை, நீளமான வாரிசு வந்த பிறகே பலருக்குப் புரிந்தது.

2019 அக்டோபர் 31 அன்று ஸ்விட்ச் கருவிக்கு வந்த 'லூயிஜிஸ் மேன்ஷன் 3' மறுபடி ஒரே கட்டடத்துக்குத் திரும்பியது: ஒரு பிரம்மாண்ட ஓட்டல், தளத்துக்குத் தளம் வேறொரு உலகம், லிஃப்டின் ஒவ்வொரு பொத்தானும் ஒரு பேயிடம். மீண்டும் 86. ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது. அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் குடும்பத்துக்கான சிறந்த ஆட்டமாகவும், அடுத்த ஆண்டு பாஃப்டா விருது விழாவில் அசைவூட்டத்துக்காகவும் பரிசு பெற்றது. இம்முறை மதிப்புரைகள் மேசைவிரிப்பை உறிஞ்சினால் என்ன ஆகிறது, அலமாரியைத் திறந்தால் என்ன விழுகிறது என்று எழுதின. குறை சொன்னவர்களும் சரியான இடத்தில் சொன்னார்கள்: லிஃப்ட் பொத்தானைத் திருடிக்கொண்டு ஓடும் பேய்ப் பூனையைத் துரத்தி, முடித்த தளங்களுக்கே மீண்டும் அலைய விடுவது நேரத்தை நிரப்பும் வேலை என்றார்கள். நேரம் கூடுவது எப்போதும் நல்லதில்லை என்று விமர்சகர்களே சொல்லும் நிலை வந்துவிட்டது.

தமிழ் வாசகர் இதைப் பிறர் வீட்டு வழக்காக ஒதுக்க முடியாது. 2023 ஜூலையில் டொரொன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையில் நடக்கும் ஆட்டம். உலகம் முழுவதும் பாராட்டு வந்தது, கூடவே அதே பழைய குறையும் வந்தது: ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே. அடுத்த ஆண்டு அது பாஃப்டாவில் சிறந்த அறிமுக ஆட்டமாகவும், சுயாதீன ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் தலைமைப் பரிசுக்கும் தேர்வானது. அந்த ஆட்டத்தில் ஒரு தாயின் அடுப்பும் கிழிந்த சமையல் குறிப்பேடும் முப்பது ஆண்டு வாழ்க்கையைச் சொல்கின்றன. அதை மணிக்கணக்கில் எடைபோட்டவர்கள் இழந்தது பெரியது. நம் மொழியில் இந்த ஆட்டத்தைப் பற்றி வந்த பேச்சில் பெரும்பகுதி 'தமிழுக்குப் பெருமை' என்பதோடு நின்றுவிட்டது. இட்லியும் புட்டும் திரையில் வந்ததற்கு மகிழ்ந்தோம், அந்தச் சமையலறை எப்படி ஒரு ஆட்டமாக இயங்கியது என்று எழுதவில்லை. தமிழ் இதழ்களில் புத்தகத்துக்குப் பக்கம் உண்டு, படத்துக்குப் பக்கம் உண்டு. இளைஞர்கள் அதிக நேரம் செலவிடும் வீடியோ கேமுக்கு ஒரு பத்தி இல்லை என்பது வருந்தத்தக்க குறை.

விமர்சனம் என்ற தொழில்மீதே இங்கே சந்தேகம் வளர்ந்துவிட்ட காலம் இது. 2024இல் 'கங்குவா' படத்துக்கு வந்த விமர்சனங்களுக்குப் பிறகு, திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. 2025 மே மாதம் வந்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' இதையே கதையாக்கியது: சந்தானம் ஒரு யூடியூப் விமர்சகர், செல்வராகவன் விமர்சகர்களைப் பழிவாங்கும் இயக்குநரின் ஆவி. விமர்சகன் தான் திட்டிய வகைப் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு தப்பிக்கும் வழி தேடுகிறான். அருமையான கரு. படம் அந்தக் கருவுக்கு உரிய மரியாதையைத் தரவில்லை என்பது என் தீர்ப்பு. காரணம் மேலே சொன்னதுதான். கப்பல், தீவு, பங்களா என்று இடம் தாவிக்கொண்டே இருப்பதால் மாட்டிக்கொண்ட உணர்வு வரவேயில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் கேள்வி நியாயமானது. ஒரு படைப்பை எட்ட நின்று நட்சத்திரம் போடுபவன், அதன் வீட்டுக்குள் ஒருநாள் நடந்து பார்த்திருக்கிறானா?

செட்டிநாட்டு வீட்டில் பேயை வைப்பதென்றால் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. இந்த வீடுகளில் இறந்தவர்களுக்கு ஏற்கெனவே இடம் உண்டு. படைப்பு என்பது குடும்பத்தில் மறைந்த முன்னோரை அழைத்து, துணி வைத்து, பந்தி போட்டு வணங்கும் சடங்கு. சிதறிய புள்ளிகளெல்லாம் அதற்காகவே ஊர் வருகிறார்கள். முகப்பிலும் வளவிலும் சட்டமிட்ட படங்களில் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அந்த வீட்டின் ஆட்கள், துரத்தப்பட வேண்டிய பேய்கள் இல்லை. படப்பிடிப்புக்கு வீட்டை வாடகைக்கு எடுத்து, சுவரில் செயற்கை ஒட்டடை தொங்கவிட்டு, பில்லி சூனியக் கதை ஒன்றைச் சுமத்திவிட்டுப் போவது சுலபம். அந்தக் கதை வீட்டின்மேல் ஒட்டிக்கொண்டால் அதை வாங்கவோ தங்கவோ வருகிறவர் தயங்குவார். ஏற்கெனவே இடிப்பதா விடுவதா என்று ஊசலாடும் பங்காளிகளுக்கு அது இன்னொரு சாக்காகும்.

லூயிஜியின் ஆட்டம் இங்கே ஒரு வழி காட்டுகிறது. அதன் ஓவியப் பேய்கள் அழிக்கப்படுவதில்லை, திரும்பச் சட்டத்துக்குள், சுவரில் தங்கள் இடத்துக்குப் போகின்றன. தலை வாரும் லிடியாவையும் வாசிக்கும் நெவிலையும் மறக்க முடியாமல் போவது அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதால். ரங்கூன் கணக்கேட்டை இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாத்தா, இரண்டாம் கட்டில் பந்திக்கு இலை எண்ணும் ஒரு ஆச்சி, யாருக்கும் சாவி தராமல் தன் அறை வாசலில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியப்பா: இவர்களைப் பார்த்து, பழக்கம் அறிந்து, அவரவர் இடத்தில் அமரவைக்கும் ஆட்டம் ஒன்று தமிழில் வர முடியும். சிரிக்கவும் வைக்கும், சற்று நடுங்கவும் வைக்கும். சில மணி நேரத்தில் முடிந்தாலும் பாதகமில்லை.

சென்னையிலும் கோவையிலும் ஆட்டம் வடிவமைக்கக் கற்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குச் செட்டிநாடு வந்து, பங்காளிகளிடம் முறையாக அனுமதி பெற்று, ஒரே ஒரு வீட்டை முகப்பிலிருந்து பின்வாசல் வரை அளந்து வரைந்து வையுங்கள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, முற்றத்து வெயில் எந்த மணிக்கு எந்தத் தூணில் விழுகிறது, யாருடைய அறை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போவதற்கு முன்னால் இந்த வேலை நடக்க வேண்டும்.